புதிர்ப்பாதையும் பெயர்ப்பட்டியலும்



1916இல் சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது, நமக்குப் படிப்பு வராது என்பது ஊர்ப்பேச்சு. இன்று அதையே தகுதி, திறமை என்கிறார்கள். ஊர்ப்பேச்சை ஊரில் எதிர்க்கலாம். அறிவியலின் பெயரால் வந்தால் அறிவியலுக்குள் போய்த்தான் எதிர்க்க வேண்டும்.

ஒரு சோதனையைச் சொல்கிறோம். கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்டது. உத்தரப் பிரதேச கிராமங்களில் 321 ஆதிக்கசாதிச் சிறுவர்கள், 321 ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள். காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்தால் காசு. சாதியைச் சொல்லாதவரை இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்பும் வாசித்த பிறகு நம் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பரிசைக் குலுக்கலோடு இணைத்தபோது அந்த இடைவெளி மறைந்தது. மூளை அதே மூளைதான். மதிப்பிடுகிறவர் நியாயமாக நடப்பாரா என்ற சந்தேகம்தான் கையைப் பிடித்து இழுத்தது. அந்தச் சந்தேகம் அனுபவத்தில் வந்தது, கற்பனையில் அல்ல.

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை நினைத்துப் பாருங்கள். பறியை வாயில் கவ்வி, சேற்றில் தடவி இறால் பிடிக்கும் இருளர் பிள்ளைக்கு அந்தக் கால்வாய்களில் எது எங்கே போகும் என்று தெரியும். புதிர்ப்பாதை என்றால் அதுதான் புதிர்ப்பாதை! அந்த அறிவை அளக்க எந்தப் பரீட்சையும் இல்லை.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் பொம்மைகளை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளின் மனக்காயத்தைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை ரத்து செய்த 1954 தீர்ப்பு அவர்கள் ஆய்வைக் குறிப்பிட்டது. தேர்வறையில் இழிவுக் கருத்து எப்படி அழுத்துகிறது என்று 1995இல் ஜோஷுவா அரோன்சனோடு எழுதிய கிளாட் ஸ்டீலும் கறுப்பினத்தவரே. அந்த விளைவின் அளவு பற்றிப் பின்னால் சர்ச்சை எழுந்தது; எழட்டும், ஆய்வென்றால் அப்படித்தான். ஆனால் கேள்வியை யார் கேட்கிறார் என்பது முக்கியம். இங்கே நாம் பெரும்பாலும் ஆய்வுக்கு உட்படுகிறவர்கள். ஆய்வாளர் நாற்காலி வேறொருவருடையது.

அந்த நாற்காலிக்குப் போகும் வழியிலும் இதே சோதனைதான். நேர்காணலில் "எந்த ஊர்?" என்பார்கள். நெறியாளர் விருப்பம், உதவித்தொகை எல்லாம் இன்னொருவர் கையில். ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவுக்கு 2015 ஜூலையிலிருந்து உதவித்தொகை வரவில்லை. 2016 ஜனவரி 17இல் அவரை இழந்தோம்.

உளவியல் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த சோதனையை நீங்கள் வடிவமையுங்கள். பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும்போது ஆதிக்கசாதிப் பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது? மதிப்பெண் போடும் ஆசிரியரின் மனத்தில் என்ன நடக்கிறது? நம்மையே எத்தனை காலம் அளந்துகொண்டிருப்பது? இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் தர இழுத்தடிக்கும் மேசைகளிலிருந்தே அந்த ஆய்வைத் தொடங்கலாம்.