நொண்டும் பூனைக்குட்டி



பூனைக்கு வைத்தியம் பார்ப்பதெல்லாம் மார்க்க உரைக்குரிய விடயமா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. எனவே இது மார்க்கத்துக்குப் புறம்பான பேச்சன்று.

முச்சக்கர வண்டியின் அடியில் உறங்கிய குட்டி சில்லில் அகப்படுகிறது. கதவிடுக்கில் நெரிபடுகிறது. மேல்மாடியிலிருந்து விழுகிறது. பின்னர் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று கால்களால் தத்தித்தத்தி நடக்கிறது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் தெரிகிறது. வீட்டிலுள்ளோர் அதனை ‘உளுக்கு’ என்கின்றனர். உம்மும்மா எண்ணெய் காய்ச்சுகிறார். முறிவு வைத்தியரிடம் காட்டினால் ஒரே இழுவையில் சரியாகும் என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். எல்லோருடைய எண்ணமும் நல்லதே. எனினும் அந்த இழுவைதான் ஆபத்தானது.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியிருக்கும். பூனைகளில் அதிகமாக விலகும் மூட்டு இதுவே. ஆனால் ஒரு வயது நிரம்பாத குட்டிகளின் எலும்பு முனையில் வளர்ச்சிக்கான மென்மையான குருத்துப் படலம் ஒன்றுண்டு. மூட்டைப் பிணைத்திருக்கும் தசைநாரைவிட அது பலவீனமானது. ஆகவே அடிபட்டால் மூட்டு விலகுவதற்குப் பதிலாக அந்தப் படலத்திலேயே எலும்பு முறிந்துவிடுவதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுக்காமல் பிரித்தறிவது கடினம். முறிந்த காலை ‘விலகிய கால்’ என எண்ணி இழுத்தால், ஒட்டியிருந்த சிறு துண்டும் அகன்று போகும். அடிபடாமலேயே முழங்காற்சில்லு நழுவும் குட்டிகளும் உண்டு. அது பெரும்பாலும் பிறவிக் குறை. இலேசானதாயின் சத்திர சிகிச்சை தேவைப்படாது.

பெற்றோர்களே, மற்றொன்றை மிக அழுத்தமாகச் சொல்கிறேன். வலிக்கிறதே என இரக்கப்பட்டுப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாம் விழுங்கும் ஒரேயொரு மாத்திரை ஒரு குட்டியின் உயிரைப் பறிக்கப் போதுமானது. தைலங்களும் வேண்டாம். பூனை தன் உடலை நக்கும். பூசியது வயிற்றுக்குள் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். காலைப் பிடிக்காமல், துவாயொன்றால் உடலோடு சேர்த்துத் தூக்கி அட்டைப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வலியில் துடிக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பு குறித்து ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

வைத்தியர் முதலில் காலைப் பார்க்கமாட்டார். மூச்சையும் நெஞ்சையும் சிறுநீர்ப்பையையும் பார்ப்பார். முதலில் உயிரைப் பறிப்பவை அவைதாம். குட்டியின் நிலை சீரான பின்பே மயக்க மருந்து கொடுத்து மூட்டைக் குழிக்குள் திரும்பப் பொருத்துவார். விழித்திருக்கும் பூனையின் இடுப்புத் தசை இறுகியிருக்கும். அது வழிவிடாது. இதற்கு முதல் இரண்டு மூன்று நாட்களே மிக உகந்தவை. தாமதித்தால் தசை சுருங்கிவிடும், குழியும் தூர்ந்துவிடும். பொருத்திய மூட்டு மீண்டும் நழுவுவதும் உண்டு. அப்போது சத்திர சிகிச்சை செய்து, உறுதியான நூலால் மூட்டைப் பிணைப்பார்கள். அல்லது எலும்பின் உருண்டைத் தலையையே வெட்டி அகற்றுவார்கள். கேட்கவே பயங்கரமாக இருக்கிறதல்லவா? ஆனால் பூனையின் உடல் பாரம் குறைந்தது. தசைகளும் தழும்பும் சேர்ந்து அவ்விடத்தில் ஒரு மாற்று மூட்டுப் போல் அமைந்துவிடும். அவ்வாறு சிகிச்சை பெற்ற பூனைகள் பெரும்பாலும் நன்றாக நடக்கின்றன, மதிலேறிப் பாய்கின்றன.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வெட்கப்படாமல் வைத்தியரிடமே உங்கள் நிலையைச் சொல்லி வழி கேளுங்கள். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. பெரும் சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை இருக்கிறது. இளைஞர்களே, பெருநாள் காசில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கும் சிறுவர்களை நான் கண்டிருக்கிறேன். ஊனமான குட்டியை இரவோடிரவாகப் பள்ளிவாசல் முற்றத்தில் விட்டுச் செல்லும் பெரியவர்களையும் கண்டிருக்கிறேன்.

சிகிச்சையின் பின் சில வாரங்கள் குட்டியைக் கூட்டில் அடைத்து வைக்குமாறு வைத்தியர் கூறக்கூடும். இங்குதான் அந்த ஹதீஸ் நம் வீட்டுக்குள் வருகிறது. அப்பெண் பூனையை அடித்ததாகச் செய்தியில் இல்லை. அடைத்தாள், பிறகு கவனிக்காது விட்டாள். நாமோ நன்மைக்காகவே அடைக்கிறோம். ஆயினும் அடைத்த கணமே அதன் தீனும் தண்ணீரும் முழுமையாக நம் பொறுப்பாகிவிடுகின்றன. வளர்ப்புப் பிராணிக்கு உணவளிப்பது உரிமையாளர் மீது கடமை என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டமுமாகும். எனவே கூட்டில் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும். மணல் தட்டைத் தினமும் மாற்றுங்கள். பாடசாலை செல்லுமுன் யார் பார்ப்பது, மஃரிபுக்குப் பின் யார் பார்ப்பது என்று பிள்ளைகளிடையே முறை வகுத்துக் கொடுங்கள்.

முதல் வாரத்திலேயே குட்டி நான்கு கால்களையும் ஊன்றத் தொடங்கலாம். “வாப்பா, சுகமாயிட்டுது, திறந்து விடுவோம்” என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை திறக்காதீர்கள். அலுமாரி மேலிருந்து ஒருமுறை பாய்ந்தால் மூட்டு மீண்டும் நழுவக்கூடும்.