‘டியூ டு’ எங்கே வரலாம்?



ஆங்கிலத்தில் கடிதம் எழுத இருந்தால், காரணம் சொல்ல நம் கை முதலில் தேடுவது ‘டியூ டு’. அதன் பழைய வேலை ஒரு பெயர்ச்சொல்லுக்குக் காரணம் காட்டுவது. ‘த டிலே வோஸ் டியூ டு ரெயின்’: தாமதம் என்ற பெயர்ச்சொல் இருக்கிறது, பிழையில்லை. ‘வீ கேம் லேட் டியூ டு ரெயின்’ என்றால், மழை விளக்குவது வந்த செயலை. அங்கே ‘பிகோஸ் ஒஃப்’ வரவேண்டும். தமிழில் ‘மழையால்’ இரண்டு இடத்துக்கும் பொருந்துவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. சந்தேகமென்றால் ‘கோஸ்ட் பை’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் தாங்கும், இரண்டாவது தாங்காது.

1926இல் வெளிவந்த தம் ஆங்கிலப் பிரயோக அகராதியில் ஃபவுலர் இதைக் கண்டித்தார். ஆனால் 1957இல் கனடாப் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்து இரண்டாம் எலிசபெத் மகாராணி வாசித்த உரையிலேயே ஒரு வாக்கியம் ‘டியூ டு’ என்றுதான் தொடங்கியது! இன்றைய அகராதிகளும் இதை ஏற்கின்றன. ஆகவே பேத்தியின் மின்னஞ்சலில் சிவப்பு மை பூசவேண்டாம். வேலைக்கோ விசாவுக்கோ எழுதும்போது மட்டும் பழைய விதியைப் பிடியுங்கள். வாசிப்பவர் எந்தக் காலத்து மனிதரோ!

நான் விட்டுக்கொடுக்காதது ‘த ரீசன் இஸ் பிகோஸ்’. ‘காரணம் என்னவென்றால் ஏனென்றால்’ என்று தமிழில் சொல்வோமா? ‘த ரீசன் இஸ் தட்’ போதும். ‘டியூ டு த ஃபெக்ட் தட்’ என்று ஐந்து சொல் எழுதுவோரும் உண்டு. அங்கே ‘பிகோஸ்’ ஒன்றே போதும்.