சேர்வைக்கு ஏற்ற குணம்

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைக் காண வருவோர் பலரின் கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். உடுத்த சட்டையில் பொலியெஸ்தர் நூல் கலந்திருக்கும். இவ்விரண்டும் ஒரே குலத்துப் பொருள்கள் என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

அமிலமும் அற்ககோலும் கூடினால் எசுத்தர் பிறக்கும், நீர் விலகும். இரு பக்கமும் கைகொடுக்கும் அமிலமும் இரு பக்கமும் கைகொடுக்கும் அற்ககோலும் கூடினாலோ, மாலையிற் பூக்கள்போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நெடுஞ்சங்கிலியாகும். அதுவே பொலியெஸ்தர்.

1930களில் அமெரிக்க அறிஞர் கரோதர்ஸ் ஆராய்ந்த பொலியெஸ்தர்கள் பெரும்பாலும் வளையமற்ற அமிலங்களால் ஆனவை. அவை சிறு வெப்பத்திலேயே உருகின, ஆடைக்கு உதவவில்லை. 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பென்சீன் வளையம் கொண்ட தெரெப்தலிக் அமிலத்தை எதிலீன் கிளைக்கோலுடன் சேர்த்தனர். அவ்வமிலத்தின் இரு கைகளும் வளையத்தின் எதிரெதிர் மூலைகளில் உள்ளன. ஆதலாற் சங்கிலி நிமிர்ந்து விறைப்புற்றது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகும் டெரிலீன் தோன்றிற்று.

கைகள் ஒரு மூலை விட்டு அமைந்த ஐசோப்தலிக் அமிலத்தைச் சிறிது கலந்தால் சங்கிலி ஆங்காங்கே வளையும். ஒழுங்காக அடுக்குப்படுதல் தாமதமாகும். நூலுக்குக் குறையெனத் தோன்றும் இது போத்தலுக்கு நன்மையாகும். வார்ப்பில் தடித்த பகுதியும் வெண்மை படராது பளிங்குபோல் தெளிந்து நிற்கும். மாறாக, வளையங்களே நிறைந்த ஐதரொட்சிபென்சோயிக் அமிலத்தை மட்டும் கோத்தால், அப்பொருள் உருகுமுன் சிதையும். அதனுடன் நப்தலீன் வளையமுடைய வேறோர் அமிலத்தைக் கலந்தால் உருக்கி வார்க்க இயலும்.

வகை மட்டுமன்று, அளவும் முக்கியம். ஒரு கூறு மிகுந்தால் சங்கிலியின் இரு முனைகளிலும் அதுவே நின்று வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலால் ஆலைகளில் முதலில் மிகுதியாக இட்ட கிளைக்கோலை, பின்னர் ஏறத்தாழ 280 பாகையில், காற்றகற்றிய கலத்திலிருந்து இழுத்து நீக்குவர். அது நீங்க நீங்கச் சங்கிலி நீளும்.

இவ்வறிவு தோட்டத்து வரம்பிலும் பயன்படும். சாதாரண தண்ணீர்ப் போத்தலின் சுவர் 80 பாகையை அண்மிக்கும்போதே இளகத் தொடங்கும். கொதிக்கும் தேநீரை அதில் ஊற்றினால் அது நெளிந்து சுருங்கும், கையும் வெந்துபோகலாம். உருகுவதற்கு 260 பாகை வேண்டுமென்று எண்ணி ஏமாறலாகாது. இளகும் நிலை வேறு, உருகும் நிலை வேறு. தோட்டத்திற்குத் தேநீர் கொண்டுசெல்வோர் அதற்கென அமைந்த சுடுநீர்ப் போத்தலையே நாடுதல் நன்று.