உறைமோரும் உயிர்ச்சத்தும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர் ஒருவர் இம்மேடையில் நின்றால் சீவகசிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ நம் அடுக்களையைச் சார்ந்தது. ஊன் உண்ணாத குடும்பங்களில் ஒரே ஓர் உயிர்ச்சத்து குறைந்துபோக இடமுண்டு. அதனைக் காரணமாகக் காட்டி, "முட்டையாவது உண்ணுங்கள், இல்லையேல் நரம்பு கெடும்" என்று நம் பிள்ளைகளிடம் சிலர் கூறுகின்றனர். அறத்தைக் காப்பதா, உடலைக் காப்பதா என்னும் ஐயம் இளையோர் நெஞ்சில் எழுகின்றது. இரண்டையும் ஒருங்கே காக்க இயலும் என்பதே என் உரையின் பொருள்.

அவ்வுயிர்ச்சத்தின் பெயர் வைட்டமின் பி12. குருதியின் சிவப்பணுக்கள் செவ்வையாக உருவாகவும், நரம்புகளைப் போர்த்தியுள்ள மெல்லுறை சிதையாதிருக்கவும் அது வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரோகிராம். ஓராண்டுத் தேவை முழுவதையும் ஒன்றாகத் திரட்டினாலும் ஒரு மில்லிகிராமை எட்டாது. இத்துணைச் சிறிய பொருள் கிட்டாதபோது விளையும் துன்பமோ பெரிது. உடல் சோர்கிறது, நாக்கு புண்ணாகிறது, உள்ளங்கால் மரத்துப்போகிறது, இருட்டில் நடக்கையில் கால் தடுமாறுகிறது, நினைவு மங்குகிறது. இவற்றை எல்லாம் "வயதாகிவிட்டது" என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு அமைதி கொள்வது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. கல்லீரல் இச்சத்தைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால், குறை தொடங்கிய காலத்திற்கும் அது வெளிப்படும் காலத்திற்கும் இடைவெளி நீண்டுவிடுகிறது. நரம்பின் சேதம் முற்றிவிட்டால் முழுமையாக மீள்வது அரிது.

இச்சத்தை ஆக்குவது யார் என்னும் வினாவில்தான் நமக்கு நற்செய்தி இருக்கிறது. எந்தச் செடியும் இதனை ஆக்குவதில்லை. எந்த விலங்கும் ஆக்குவதில்லை. மனிதனும் ஆக்குவதில்லை. பாக்டீரியா முதலிய சில நுண்ணுயிர்கள் மட்டுமே இதனை ஆக்கவல்லன. பசு புல்லைத்தான் தின்கிறது. புல்லில் பி12 இல்லை. அசைபோடும் அவ்விலங்கின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள், புல்லின் வழியே மண்ணிலிருந்து வந்த கோபால்ட் என்னும் உலோகத்தைக் கொண்டு பி12ஐ ஆக்கித் தருகின்றன. 1930களில் ஆஸ்திரேலியாவில் கோபால்ட் குறைந்த நிலங்களில் மேய்ந்த ஆடுமாடுகள் மெலிந்து மடிந்தன. சிறிதளவு கோபால்ட் கொடுத்ததும் தேறின. ஆகவே, பி12 ஊனில் பிறந்த பொருளன்று. ஊனில் தங்கிய பொருள். அதன் பிறப்பிடம் பாக்டீரியாவே. "ஊன் உண்டால்தான் கிட்டும்" என்பார்க்கு இதுவே தக்க விடை.

இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. அக்காலத்தில் உயிரைக் கொல்லும் நோயாக இருந்த ஒருவகை இரத்தசோகை, கல்லீரலை உணவாகக் கொடுத்தால் தணிகிறது என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்களான மைனாட்டும் மர்ஃபியும் காட்டினர். கல்லீரலில் உள்ள அப்பொருள் யாது என்பதை அறிய மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிகாட்டியதும் ஒரு பாக்டீரியாவே. பாலைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த ஒருவகை லாக்டோபாசில்லஸ், கல்லீரல் சாறு இல்லாமல் வளர மறுப்பதை மேரி ஷார்ப் என்னும் பெண் அறிவியலாளர் பயன்படுத்திக்கொண்டார். எந்தச் சாற்றில் அது செழித்து வளர்கிறதோ அதில் அச்சத்து உண்டு என்று அளந்தறிய முடிந்தது. 1948இல் பி12 செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் ஊடுகதிர் வழியே கண்டறிந்தார். 1964இல் நோபல் பரிசும் பெற்றார். பின்னர், உட்வர்ட், எஷன்மோசர் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் துணையோடு, ஏறத்தாழ எழுபது படிகளில், செயற்கையாகவே இதனை ஆக்கிக் காட்டினர். அத்தனை பேர் உழைத்துச் செய்ததைக் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பாக்டீரியா ஓசையின்றிச் செய்துவிடுகிறது. அதனால்தான் இன்றும் மருந்துக்கடையில் விற்கும் பி12 மாத்திரைக்கு வேண்டிய சத்தைத் தொழிற்சாலைத் தொட்டிகளில் பாக்டீரியாக்களே ஆக்கித் தருகின்றன.

நமக்கு அருகிலுள்ள வேலூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தாய்ப்பாலையே நம்பியிருந்த கைக்குழந்தைகள் சிலர் வாட்டமுற்று, கற்ற முகச்சிரிப்பையும் தலைநிமிர்வையும் இழப்பதைக் கண்ட வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், அதற்குத் தாயிடம் இருந்த பி12 குறையே காரணம் என்று 1962இல் எழுதினர். அச்சத்தைக் கொடுத்ததும் குழந்தைகள் தெளிந்தன. தாயின் குறை சேயைத் தாக்கும் என்பதை நம் பெண்மக்கள் மறவாதிருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980இல் வேறொன்றைக் கண்டனர். நலமுள்ள தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலிலேயே பி12 ஆக்கும் பாக்டீரியாக்கள் உள்ளன என்பதே அது. அப்படியாயின் நமக்குக் கவலை எதற்கு என்று தோன்றலாம். நம் உடலில் அத்தகைய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாழ்வது பெருங்குடலில். பி12 உடலில் ஏறுவதோ சிறுகுடலின் கடைப்பகுதியில். அறுவடைக்களம் மதகுக்குக் கீழே அமைந்துவிட்டால் மேலே உள்ள வயலுக்கு என்ன பயன்? ஆதலால் குடல் பாக்டீரியாவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இனி நம் உணவில் உள்ள பாக்டீரியாக்களைக் காண்போம். தயிரை ஆக்கும் நுண்ணுயிர்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்பது ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தை ஆக்கிச் சேர்க்கிறது. அதனோடு கூடி வாழும் லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸ் அதனைப் பெரும்பாலும் தின்றுவிடுகிறது. எனவே எந்தப் பிரையை ஊற்றினோம் என்பதைப் பொறுத்தே தயிரின் சத்து கூடுவதும் குறைவதும் அமையும். இட்லி மாவைப் பொங்கச் செய்வது, உளுந்தோடு வரும் லூக்கோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா. மாவு புளிக்கும்போது ஃபோலேட், ரைபோஃபிளேவின் போன்ற பி வகைச் சத்துகள் பெருகுகின்றன. ஃபோலேட்டின் அருமையை உலகிற்கு உணர்த்திய ஆய்வும் நம் நாட்டில் நிகழ்ந்ததே. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றினால் தீர்வதை 1931இல் காட்டினார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கடைவாய்ப் புண்ணைத் தடுக்கும் ரைபோஃபிளேவினை மிகுதியாகச் சுரக்கும் லாக்டோபாசில்லஸ் வகைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றால் மாவைப் புளிக்கவைத்துச் சத்து மிகுந்த ரொட்டியை இத்தாலிய ஆய்வாளர்கள் செய்து காட்டியுள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இட்லியும் தோசையும் புளித்த மோரும் இருக்கையில் பி12 தானே வந்துவிடும் என்று நம்புவோர் பலர். அவற்றைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நம்பத்தக்க அளவில் பி12ஐ ஆக்குவதில்லை. தயிரில் உள்ள பி12 பெரும்பாலும் பாலோடு வந்ததே. சுருள்பாசியில் பி12 நிறைந்துள்ளது என்று விளம்பரம் காண்கிறோம். அதில் பெரும்பகுதி உருவத்தில் ஒத்து, செயலில் ஒவ்வாத போலிப் பி12. லாக்டோபாசில்லஸ் ராய்ட்டரி என்னும் பாக்டீரியா ஆக்குவதும் பெரும்பாலும் அப்போலியே. உமியும் நெல்லும் பார்வைக்கு ஒத்திருப்பினும் உலைக்கு ஆவது ஒன்றே அன்றோ?

மெய்யான பி12ஐ ஆக்கும் உணவு பாக்டீரியா ஒன்று உண்டு. புரோபியோனிபாக்டீரியம் ஃபிராய்டன்ரைக்கி என்பது அதன் நெடும்பெயர். சுவிட்சர்லாந்தின் எமென்டல் பாலாடைக்கட்டியில் காணும் பெரிய துளைகள் அது வெளியிடும் காற்றால் உண்டாவன. மரபுவழியில் செய்யும் அக்கட்டியை உறையச்செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவதால் நமக்கு அது ஏற்புடையதன்று. பாக்டீரியாவுக்கோ பால்தான் வேண்டும் என்பதில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைத் தானிய மாவிலும் தவிட்டிலும் வளர்த்து, அந்த மாவிலேயே மெய்யான பி12 விளையச் செய்துள்ளனர். அரிசியும் உளுந்தும் கேழ்வரகும் கொண்டு நாளும் மாவு புளிக்கவைக்கும் நம் நாட்டில் இம்முறை வேரூன்றுமானால், பி12 குறையைத் தீர்க்க வீட்டு மாவே உதவும் காலம் வரலாம். அது இன்னும் நம் கடைத்தெருவுக்கு வரவில்லை. அதுவரை காத்திருக்க நரம்புகளுக்குப் பொறுமை இல்லை.

நுண்ணுயிரைக் கொண்டு உணவு ஆக்குதல் அறத்திற்கு ஒக்குமா என்று பெரியோர் கேட்கக்கூடும். தக்க கேள்வியே. உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்துக் காணும் மரபு தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத நிகோத உயிர்களைப் பற்றிச் சிந்தித்த சமயம் நம்முடையது. தயிருக்குக் காலவரம்பு வைத்ததும், இரவு கடந்த உணவை விலக்கியதும் அச்சிந்தனையின் விளைவுகளே. மாத்திரைக்கான பி12ஐ ஆக்குகையில் பாக்டீரியாக்கள் அழிகின்றன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இல்லறத்தார் உயிர் வாழ்வதற்கு ஒரு சிறு தீங்கு தவிர்க்க இயலாததாகும்போது, அத்தீங்கை இயன்றவரை குறைத்துக்கொள்வதே நமக்கு விதிக்கப்பட்ட நெறி. ஐயறிவுடைய உயிரின் கழுத்தில் கத்தி வைப்பதற்கும் சர்க்கரைப்பாகில் வளர்ந்த பாக்டீரியாவின் சத்தைப் பெறுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. மேற்கொண்ட விரதத்தின் நிலை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஐயமுள்ளோர் முனிவர்களையும் கற்றறிந்தோரையும் கேட்டுத் தெளிக.

செய்யத்தக்கவை சில கூறி அமைகிறேன். பால் கொள்வோர் நாள்தோறும் பாலையோ தயிரையோ போதிய அளவில் கொள்க. கால் லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் பி12 உண்டு. காப்பியில் கலந்த இரண்டு கரண்டிப் பாலும் நீர்மோரும் அத்தேவையை நிறைவு செய்யா. பாலையும் துறந்தோர்க்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ இன்றியமையாதது. அறுபதைக் கடந்தோரின் இரைப்பையில் அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 எளிதில் பிரிவதில்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோர்க்கும், நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைத் தணிக்கும் மருந்தை நெடுநாள் உட்கொள்வோர்க்கும் இக்குறை வர வாய்ப்பு மிகுதி. இவர்கள் மருத்துவரைக் கேட்டு இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்க. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சோதித்துக்கொள்வது மிக மிகத் தேவை. ஃபோலிக் அமிலம் மட்டும் மிகுதியாகக் கொண்டால் இரத்தசோகை மறைந்து, நரம்பின் கேடு உள்ளே வளரக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கருதுதல் வேண்டும். மருந்து வாங்குகையில் அதன் உறையையும் நோக்குக. மென்மையான குப்பிமாத்திரைகள் பலவற்றின் உறை ஜெலட்டின். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. வெறும் மாத்திரையாகவோ தாவர உறையுடனோ கேட்டு வாங்கலாம். பகலுணவோடு உட்கொண்டால் இராவுண்ணா நோன்புக்கும் இடையூறில்லை.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாக்காலத்தில் நடத்தும் மருத்துவ முகாமில் கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு பி12 சோதனையையும் சேர்க்க வேண்டுகிறேன். சிற்றூர்களில் தனித்து வாழும் முதியோரை முதலில் அழைத்து வருதல் நன்று. கால் மரத்துப்போன பாட்டியாரிடம் "வயதாகிவிட்டது" என்று கூறுவதற்கு முன், ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

நம் முன்னோர் புலால் மறுத்தது அறியாமையால் அன்று, அருளால். அவ்வருள் நெறியில் நிற்போர் உடல் நலிந்தால், நெறியின் மீதே பழி சாரும். நலிவின்றி வாழ்ந்து காட்டுவதும் அந்நெறிக்கு நாம் ஆற்றும் தொண்டே.  அறம் வளர்க!