நூலக அறையிலிருந்து நிலவுக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின்போது நம் செயற்குழுவிற்கு ஒரு புகார் வந்தது. நூலக அறையில் சங்கம் வாங்கி வைத்திருக்கும் கணிப்பொறியில் தமிழ்த் தட்டச்சும் பாடப் பயிற்சியும் நடைபெறவில்லை என்றும், காலனிப் பிள்ளைகள் மாலை முழுதும் அதில் வாண வேடிக்கை விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும், ஆகவே அதனை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்றும் அப்புகாரில் கண்டிருந்தது. செயற்குழு வழக்கம்போல் முடிவை ஒத்தி வைத்து, விசாரித்து அறிக்கை தருமாறு எங்கள் மூவரைப் பணித்தது. எங்களுள் ஒருவர் கணித ஆசிரியராக இருந்தவர். ஒருவர் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவர். மற்றொருவர் இரயில் எஞ்சின் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மூவரும் ஓய்வு பெற்றவர்கள். ஆதலின் நேரத்திற்குப் பஞ்சமில்லை. ஒரு வாரத்தில் அறிக்கை தருவதாக ஒப்புக்கொண்டோம். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அத்தாமதத்திற்கு நாங்கள் கூறும் விளக்கமே இவ்வுரை.

உண்மையைச் சொல்லிவிடுவது நலம். விசாரிக்கச் சென்றபோதே தீர்ப்பை எழுதி எடுத்துக்கொண்டுதான் சென்றோம். கணிப்பொறி போக வேண்டும் என்பதே எங்கள் மூவரின் எண்ணமும். புகாரில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தந்தை. மகள் பாடத்தை மறந்து திரையின் முன் அமர்ந்திருக்கிறாள் என்று அவர் எங்களிடம் கண் கலங்கச் சொன்னார். அந்தப் பெண்தான் அன்று எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவளும்.

பிள்ளைகள் ஆடும் அவ்விளையாட்டின் பெயர் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்பது. மெக்சிகோ நகரில் ஸ்குவாட் என்னும் நிறுவனம் ஒன்று இருந்தது. விளையாட்டு செய்வது அதன் தொழிலன்று. விளம்பரத் துறையைச் சார்ந்தது அது. அங்கே பணியாற்றிய ஃபெலிப்பே ஃபலாங்கே என்பவர், சிறு வயதில் தகரத் தாளில் சிறு பொம்மைகள் செய்து, அவற்றை வாணங்களில் கட்டி மேலே விட்டவர். அப்பொம்மைகளுக்கு அவர் இட்டிருந்த பெயரே கெர்பல். வளர்ந்த பின்னும் அந்த ஆசை விடாமையால் இவ்விளையாட்டு பிறந்தது. 2011 ஜூன் 24 அன்று முதல் வடிவமும், 2015 ஏப்ரல் 27 அன்று நிறைவுற்ற வடிவமும் வெளிவந்தன. ஆகவே 'வாண வேடிக்கை' என்று புகாரில் எழுதிய அன்பர், தாம் அறியாமலே உண்மையைத் தொட்டுவிட்டார்!

கெர்பின் என்றொரு சிறு கோள். அதில் பெரிய தலையும் பச்சை நிறமும் உடைய குள்ள மனிதர்கள். நமக்கு ஒரு பணிமனை தரப்படுகிறது. எரிபொருள் கலம், எஞ்சின், இறக்கை, பாராசூட் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி நாமே இராக்கெட் கட்ட வேண்டும். நாமே செலுத்த வேண்டும். கட்டிய பின் அது பறக்குமா, கவிழுமா என்பதை விளையாட்டு முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை; எடையும் விசையும் காற்றும் தீர்மானிக்கின்றன. சுடுவதோ கொல்வதோ இல்லை. பகைவன் என்று ஒருவன் உண்டென்றால், அவன் புவியீர்ப்புதான்.

"நீங்களே ஒன்று கட்டிப் பாருங்கள், தாத்தா" என்றாள் அப்பெண். எங்கள் பணிமனை நண்பர் எஞ்சின் எத்தனை மிகுந்தால் அத்தனை நன்று என்று எண்ணி ஒன்பது எஞ்சின்களைப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினோம். எஞ்சின்கள் முழங்கிய அக்கணத்திலேயே உச்சியிலிருந்த பாராசூட்டும் விரிந்தது. எது முன், எது பின் என்ற வரிசையை நாங்கள் பார்க்கவேயில்லை. இராக்கெட் தன் குடையைத் தானே கிழித்துக்கொண்டு எழும்பிப் பக்கவாட்டில் சாய்ந்து, ஏவுதளத்தை ஒட்டிய புல்வெளியில் வீழ்ந்தது. பின்னால் நின்ற சிறுவர்கள் சிரிக்கவில்லை. அது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பின்னர்தான் அறிந்தோம், அவர்கள் ஒவ்வொருவரும் முதல் நாளில் அதையே செய்தவர்கள் என்று.

இரண்டாவது இராக்கெட் நேரே மேலெழுந்து நூறு கிலோமீட்டரைத் தொட்டது. கெர்பினில் காற்று எழுபது கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது; ஆகவே விண்வெளியை அடைந்துவிட்டோம் என்று கைகுலுக்கிக்கொண்டோம். சற்று நேரத்தில் அது வந்த வழியே நேரே கீழே விழுந்தது. உயரம் போவது வேறு, சுற்றி நிற்பது வேறு என்பதை எழுபது வயதில் அன்று கற்றோம். மேலே போன பின் பக்கவாட்டில் விரைந்தோட வேண்டும். கீழே விழுந்துகொண்டே இருக்கவும் வேண்டும். விழும் வளைவும் கோளின் வளைவும் ஒத்துப்போனால் அதுவே சுற்றுப்பாதை. கெர்பினில் எண்பது கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு வேண்டிய வேகம் வினாடிக்குச் சுமார் 2,280 மீட்டர். நம் பூமியில் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 7,700 மீட்டர். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டரே. பூமியினதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. பிள்ளைகளின்மேல் இரக்கப்பட்டுக் கோளைச் சுருக்கிவிட்டார்கள் போலும்.

அப்போதுதான் எங்கள் கணித ஆசிரியர் விழித்துக்கொண்டார். நூலக அறையின் கரும்பலகையைத் துடைத்து, சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டை எழுதினார். சியோல்கோவ்ஸ்கியும் கலூகா என்னும் உருசிய ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே என்பதை அவர் மும்முறை சொன்னார். எஞ்சினிலிருந்து வாயு வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் எடையை மூன்று கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவரப் புறப்படும்போது 2.7 டன் வேண்டும். ஆறு கிலோமீட்டர் வேகத்திற்கு 5.4 டன் போதும் என்று நாம் நினைப்போம், போதாது, 7.4 டன் வேண்டும். ஒன்பதுக்கோ இருபது டன். எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள். காலியான கலத்தை வழியிலேயே கழற்றி எறிந்துவிட வேண்டும் என்பதும், இராக்கெட் அடுக்கடுக்காக அமைந்திருப்பதன் காரணமும் அன்று விளங்கின. வீடு மாற்றும்போது சாமான் லாரிக்கே ஒரு லாரி வைத்தவர்கள் நம் காலனியில் உண்டு. அவர்கட்கு இக்கணக்கு உடனே விளங்கும்.

மறுநாள் முதல் அந்தப் பெண் கரும்பலகையின் கீழ் அமர்ந்து மடக்கையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். எதற்காக என்று அதுவரை தெரியாதிருந்தது.

இந்த இடத்தில் 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலையை நினைவூட்ட விரும்புகிறோம். சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாம் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்த இரயில்வே ஊழியரின் மகன் என்று அறிந்து, எங்கள் பணிமனை நண்பர் தம் மகனே இறக்கியதுபோல் இனிப்பு வழங்கினார். ஆனால் ஒரு கேள்வி அன்று பலர் வாயில் எழுந்தது. 1969இல் அப்போலோ-11 ஜூலை 16இல் புறப்பட்டு 20இல் நிலவில் இறங்கியது. நம் கலம் ஜூலை 14இல் புறப்பட்டு ஆகஸ்டு 23 வரை ஏன் அலைந்தது? அன்று எவரும் விடை கூறவில்லை. ஓராண்டு கழித்து அப்பெண் திரையில் அதனைச் செய்து காட்டினாள். பெரிய இராக்கெட் இல்லாதவன் ஒரே மூச்சில் போக முடியாது. ஊஞ்சலை எப்போது தள்ளுகிறோம்? கீழே மிக விரைந்து வரும்போது தள்ளினால் அதே கைவலிமைக்கு ஊஞ்சல் மிக உயரே போகிறது. கலமும் கோளுக்கு மிக அருகே விரைந்து வரும் இடத்தில் எஞ்சினைச் சற்று இயக்கினால் மறுகோடி வெகுதூரம் நீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவ்வாறு செய்து சுற்றுப்பாதையை நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்டு முதல் நாள் நிலவின் வழியில் சேர்ந்தது நம் கலம். சிக்கனத்தின் விலை காலம். மாதக் கடைசியை அறிந்த குடும்பத்தவர்க்கு இது புதிதன்று.

இனி, எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கெர்பினுக்கு 'மன்' என்றொரு நிலவு உண்டு. அதில் இறங்குவதென்று மூவரும் முடிவு செய்தோம். கணக்கர் நண்பர் பேரேட்டு முறைப்படி செலவுகளை எழுதினார். சுற்றுப்பாதையை அடைய வினாடிக்கு 3,400 மீட்டர், அங்கிருந்து மன்னை நோக்கித் திரும்ப 860, அதனைச் சுற்றி நிற்க 310, இறங்க 580, ஆக 5,150. அதற்கு மேல் ஒரு சிறு தொகையைக் கையிருப்பாகவும் வைத்தார். ஜெபடையா என்னும் விமானியை ஏற்றி அனுப்பினோம். காற்றில்லாத இடமாதலின் பாராசூட் உதவாது. எஞ்சினைக் கீழ்நோக்கி எரித்தே இறங்க வேண்டும். ஒரு பள்ளத்தின் சரிவில், கால் ஒன்று தூக்கிய நிலையில், கவிழாமல் இறங்கினோம்! அறையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு எதிர் வீட்டு அம்மையார் கதவைத் திறந்து பார்த்தார். அப்போது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "தாத்தா, அவர் எப்படி வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டான்.

மீண்டும் எழும்ப 580, கெர்பினை நோக்கித் திரும்ப 310. இந்த 890 மீட்டர் பேரேட்டில் எங்கும் இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரு பைசா பிசகாமல் கணக்கெழுதியவர் திரும்பி வரும் செலவை எழுத மறந்துவிட்டார். நாங்கள் இருவரும் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்கள். ஆகவே குற்றம் மூவருக்கும் உரியது. அன்றிரவு நண்பர் உணவு கொள்ளவில்லை என்று அவர் இல்லத்து அம்மையார் பின்னர்ச் சொன்னார்கள். விளையாட்டுதானே என்று நாங்கள் தேற்றினோம். எங்களுக்கும் உறக்கம் வரவில்லை.

ஒன்று கூற வேண்டும். இவ்விளையாட்டில் கெர்பல்களுக்கு உணவும் நீரும் வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுகளாயினும் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே கணக்கிடுவார்கள். உண்மை விண்வெளி இத்தனை எளிதன்று. அக்குறைகளை மறைத்து இதனைப் பள்ளிக்கூடம் என்று புகழ நாங்கள் வரவில்லை.

மீட்புக் கலம் கட்டும் பொறுப்பை அப்பெண்ணிடம் ஒப்படைத்தோம். ஒரே இராக்கெட்டில் அத்தனை எரிபொருளையும் ஏற்ற இயலாமையால், கலத்தைத் தனியாகவும் எரிபொருளைத் தனியாகவும் அனுப்பி, மேலே சுற்றுப்பாதையில் இணைப்பதென்று அவள் முடிவு செய்தாள். இணைப்பது என்பது எளிய செயலாகத் தோன்றும். முன்னே செல்லும் வண்டியைப் பிடிக்க நாம் என்ன செய்வோம்? விசையைக் கூட்டுவோம். விண்வெளியில் விசையைக் கூட்டினால் பாதை உயர்ந்து, சுற்று நீண்டு, பின்தங்கிவிடுவோம். முன்னே போக வேண்டுமாயின் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி-4இல் சென்ற மெக்டிவிட், தம் இராக்கெட்டின் கழன்ற அடுக்கை நெருங்க அதனை நோக்கியே விசையைச் செலுத்தி, எரிபொருளை இழந்து கைவிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 15இல்தான் ஜெமினி-6, ஜெமினி-7 என்னும் இரு கலங்கள் ஓரடித் தொலைவுவரை நெருங்கின. அப்பெண்ணும் மெக்டிவிட் செய்ததையே பதினொரு முறை செய்தாள். பன்னிரண்டாம் முறைக்கு முன் ஒரு வாரம் தாளில் வட்டங்கள் வரைந்தாள்.

அதே குளிர்காலத்தில், 2024 டிசம்பர் 30 அன்று, நம் நாட்டு ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு சிறு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் 220 கிலோ எடை. இணைப்பு இருமுறை ஒத்தி வைக்கப்பட்டது. ஜனவரி 12ஆம் நாள் மூன்று மீட்டர் தொலைவுவரை நெருங்கி மீண்டும் விலகின. பத்திரிகையில் அதைப் படித்த பலர் தோல்வி என்று உதட்டைப் பிதுக்கினார்கள். நூலக அறையில் இருந்த பிள்ளைகளோ, "பின்வாங்கியதுதான் சரி, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். 16ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது; இதனைச் செய்த நான்காவது நாடு நம்முடையது. அன்று மாலை அப்பெண்ணின் தந்தை அறைக்குள் வந்தார். இரு கலங்கள் ஏன் ஒட்டிக்கொள்ள அத்தனை நாள் என்று மகளைக் கேட்டார். அவள் விளக்கினாள், அவர் நின்றபடியே ஒரு மணி நேரம் கேட்டார். தம் கையொப்பத்தை அவர் திரும்பப் பெறவில்லை. இரவு பத்து மணிவரை அறை திறந்திருப்பது தவறு என்று இன்றும் கூறுகிறார். அது நேர்மையான குறையே. எட்டு மணிக்கு மூட வேண்டும் என்று எங்கள் அறிக்கையிலும் எழுதியிருக்கிறோம்.

அறிக்கையைச் செயலாளரிடம் இன்று காலை கொடுத்துவிட்டோம். கணிப்பொறி இருக்க வேண்டும், ஆனால் தட்டச்சுப் பயிற்சிக்கும் வாரத்தில் இரு மாலைகள் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. நாளைய பொதுக்குழு எம்முடிவு செய்யினும் கட்டுப்படுவோம். ஒரே ஒரு வேண்டுகோள். மீட்புக் கலம் எரிபொருளுடன் இணைந்து கெர்பினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஓர் இருக்கை காலியாக உள்ளது. திரும்பி வரும் செலவு இம்முறை பேரேட்டின் முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அக்கலம் மன்னை நோக்கிப் புறப்படும். எனவே, அகற்றுவதென்று முடிவானாலும், திங்கட்கிழமை அகற்றுங்கள்.