ஆணைமொழியும் அறமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இராணுவத்திலோ பொலிஸ் சேவையிலோ சேருகின்ற ஒருவன் சீருடை அணிந்தால் மட்டும் போதாது. வாய்திறந்து ஒரு பிரமாணமும் செய்தல் வேண்டும். அது சில வரிகளே. ஒரு நிமிடத்திற்குள் சொல்லி முடித்துவிடலாம். ஆகையால் அதனை வெறுஞ் சடங்கென எண்ணுவோர் பலர். அச்சில வரிகள் ஒரு நாட்டையே எவ்வாறு பிணித்தன என்பதை ஜேர்மனியின் வரலாற்றைக் கொண்டு இன்று நோக்குவோம்.

1919ஆம் ஆண்டிலே ஜேர்மன் குடியரசின் போர்வீரன் தன் நாட்டின் அரசியலமைப்புக்கு விசுவாசங் கூறினான். ஜனாதிபதிக்கும் மேலதிகாரிகளுக்கும் கீழ்ப்படிவதாகவும் சொன்னான்; ஆயினும் முதலிடம் அரசியலமைப்புக்கே. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933ஆம் ஆண்டின் டிசம்பரிலே அச்சொல் பிரமாணத்தினின்றும் நீக்கப்பட்டது. மக்கள், தந்தையர் நாடு என்னுஞ் சொற்கள் அவ்விடத்தைப் பெற்றன. கேட்பதற்கு இனிய சொற்களே! ஆனால் எழுதிய சட்டத்தைக் காட்டி, “இது முறையன்று” என்று சொல்வதற்கு இருந்த பிடி தளர்ந்துவிட்டது.

1934 ஒகஸ்ட் 2ஆம் திகதி ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் காலமானார். அன்றைக்கே படைவீரர் அணிவகுத்து நின்று புதிய பிரமாணஞ் செய்தனர். அடோல்வ் ஹிட்லருக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிவு அளிப்பதாகவும், அதற்காக எந்நேரமும் உயிர்விடச் சித்தமாயிருப்பதாகவும் கடவுள்மீது ஆணையிட்டனர். சட்டம் என்ற சொல் அதிலே இல்லை. அம்மாதத்திலேயே அரசாங்க உத்தியோகத்தருக்கும் வேறொரு பிரமாணம் விதிக்கப்பட்டது. அதிலே சட்டத்துக்கும் ஓர் இடமிருந்தது. ஆனால் ஹிட்லருக்குக் கீழ்ப்படிதல் முன்னே, சட்டத்தைப் பேணுதல் பின்னே!

விளைவு யாது? கொடுமைகளைக் கண்ணாற் கண்ட தளபதிகள் பலர், “ஆணையிட்டுவிட்டோமே” என்று கைகட்டி நின்றனர். 1944 ஜூலை 20ஆம் திகதி ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஸ்டௌபென்பேர்க்கையும் அவர் கூட்டாளிகளையும், ஆணை தவறிய துரோகிகள் என்று போருக்குப் பின்னரும் தூற்றியவர் உண்டு. அவருள் ஒருவரான றேமர் என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி 1952இல் பிறவுன்ஸ்வைக் நகர நீதிமன்றிலே நிறுத்தப்பட்டார். ஒரு மனிதனுக்கு நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவதாகச் செய்யும் ஆணை செல்லாது என்று வழக்கை நடத்திய பிரிட்ஸ் பௌவர் வாதித்தார். சமய அறநூல் வல்லோரும் அங்கே சாட்சி கூறினர். றேமருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. பீஷ்மர் சொல் தவறாதவர். எனினும் அரியணைக்குக் கட்டுப்பட்ட அப்பெருமகன் திரௌபதியின் துயரத்தைக் கண்டும் சபையிலே அமர்ந்திருந்தார். நாம் கற்ற மிஷன் பாடசாலையிலோ, ஆணையிடுதலே வேண்டாம் என்ற இயேசுவின் மலைப்பிரசங்கத்தைப் படித்தோம். இரண்டையும் ஒருங்கே எண்ணுமிடத்து ஓருண்மை புலனாகின்றது: கொடுத்த வாக்கைக் காப்பது பெருமை, ஆனால் வாக்கின் பெயரால் மனச்சாட்சியைப் பிறனொருவன் கையில் ஒப்படைப்பது பெருமையன்று.

பட்டறிந்த மேற்கு ஜேர்மனி 1956ஆம் ஆண்டின் சட்டத்திலே பிரமாணத்தைத் திருத்தியது. குடியரசுக்கு விசுவாசமாய்ச் சேவை செய்வதாகவும், மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் வீரத்துடன் காப்பதாகவும் வீரன் கூறுகின்றான். கடவுளின் பெயரைச் சேர்த்தலும் விடுதலும் அவன் விருப்பம். குற்றமாகும் கட்டளைக்குக் கீழ்ப்படியலாகாது என்றும் அச்சட்டமே விதிக்கின்றது. இங்கிலாந்திலே 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொலிஸ் உத்தியோகத்தர் கூறும் உறுதிமொழியில் நேர்மை, பாரபட்சமின்மை, மனித உரிமை என்பவற்றோடு, எல்லா மக்களுக்கும் சம மதிப்பளித்தல் என்பதும் இடம்பெற்றுள்ளது. பொல்லுந் துவக்கும் ஏந்துகின்றவன் வாயால் இதனைச் சொல்லவைப்பது சிறு காரியமா? பின்னொருநாள் அவனிடம் நியாயம் கேட்க வரும் ஏழைக்கு அச்சொல்லே துணை.

நல்ல வாசகம் இருந்தால் நாடு தானே நன்றாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சொல்லை மீறுவோர் எங்கும் உளர். ஆயினும் நல்ல சொல் மீறுவோனைக் குற்றவாளியாக்கும். தீய சொல்லோ கீழ்ப்படிவோனையே குற்றவாளியாக்கும்.

உத்தியோகம் நாடும் நண்பர்களே, பிரமாண வாசகத்தை முதல்நாளே வாங்கிப் படியுங்கள். யாருக்கு வாக்களிக்கின்றோம், எந்த எல்லைவரை என்று உங்களையே கேளுங்கள். பெரியோர்களே, சொன்ன சொல் தவறாதே என்று எங்களுக்குக் கற்பித்தீர்கள். தவறாது காக்கத்தக்க சொல் எது என்பதையும் கற்பித்தருள வேண்டுகின்றோம்.