மூன்று முறை சொன்னான்

(திருக்குடும்ப விழா ஞாயிறன்று வானொலியில் ஒலித்த மறையுரைச் சிந்தனை. இம்முறை ஒரு தம்பதியர் பேசியது.)



இந்த ஞாயிறு மட்டும் மறையுரை நேரத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் பங்குத்தந்தை சொன்னபோது, "நல்லா பேசத் தெரிஞ்சவங்க பங்குல நிறைய பேர் இருக்காங்களே, ஃபாதர்" என்றோம். "நல்லா பேசுறவங்க வேண்டாம். போன வருஷம் உங்க வீட்ல நடந்ததைச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அதனால்தான் வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவர். மற்றவர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள், ஐந்தாம் வகுப்பில் ஒரு மகன்.

இன்றைய நற்செய்தியை எல்லாரும் கோவிலில் கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டு வயது இயேசு பாஸ்கா விழாவுக்குப் பெற்றோரோடு எருசலேமுக்குப் போகிறார். திரும்பும் வழியில் அவர் கூட வரவில்லை. அது பெற்றோருக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எங்காவது இருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் பயணம் முழுக்க நடந்துவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். எத்தனையோ ஆண்டுகளாக இந்தப் பகுதியை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் மனதில் நிற்கும். "இருப்பார் என்று எண்ணிக்கொண்டு" என்பது நின்றதே இல்லை. கடந்த ஓராண்டாக அந்த இடத்தைத் தாண்ட எங்களால் முடியவில்லை. மரியாவும் யோசேப்பும் அலட்சியமான பெற்றோர் அல்ல. நம்பிக்கையான சொந்தக்காரர்களோடுதான் பிள்ளை வருகிறார் என்று நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நேரத்துக்கு வேன் வருகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறான், ஏழரை மணிக்குச் செபமாலைக்கு உட்காருகிறான், பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். எங்கே போய்விடப் போகிறான்?

எங்கள் வீட்டு மாலை நேரம் எப்படி இருக்கும் என்று சொன்னால், உங்களில் பலர் சிரிப்பீர்கள். நாலரைக்கு வேன் ஹாரன் கேட்கும். பை வந்து விழும். உடனே எங்கள் கேள்விகள் தொடங்கும்: "டிபன் பாக்ஸ காலி பண்ணியா? கணக்கு நோட்டு குடுத்தாங்களா? எத்தனை மார்க்கு? ஹோம் ஒர்க் என்ன?" எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வரிப் பதில் இருக்கும். அது முடிந்ததும் அவன் தன் பங்குக்கு ஏதாவது சொல்லத் தொடங்குவான். பள்ளி மைதானத்துக்குள் நாய் வந்த கதை, யாரோ பென்சிலைக் கடித்த கதை. அதற்கு "ம்" போடுவோம். நேயர்களே, இந்த "ம்" ஒரு பொல்லாத எழுத்து. கேட்டது போலவும் இருக்கும், கேட்காமலும் இருக்கும்.

போன ஆண்டு ஆவணி முகூர்த்த நேரம். பதினெட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பையன் வந்து மெஷின் பக்கத்தில் நின்று, "அம்மா, வேன்ல எனக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க" என்றான். "அப்படியா? சரி, சட்டையைக் கழட்டிப் போடு, மை பட்டிருக்கு பாரு" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து அப்பாவிடம் போனான். அதையே சொன்னான். "என்னடா பேரு, ராஜாவா?" என்று ஒரு சிரிப்பு. கையில் போன் இருந்தது, அதில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். மூன்றாவது முறை, சாப்பிடும்போது. "நாளையிலேருந்து நான் சைக்கிள்ல போறேனே" என்றான். "ஒன்பது வயசுல மெயின் ரோட்டுல சைக்கிளா? பேசாம சாப்பிடு" என்றோம். இந்த மூன்றாவது விஷயத்தில் நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம்.

பிறகு திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வந்தது. பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று முடிவு கட்டினோம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனது போலவே நிரம்பி வீடு திரும்பியது. அதற்கும் திட்டினோம். ஒரு நாள் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. "பையன் தண்ணியே குடிக்கிறதில்லையா? ஒண்ணுக்கு அடக்கி வைக்கிறானா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள்தான் சொன்னாள். ஒரு நாள் வேன் ரொம்ப நேரம் நெரிசலில் நின்றுவிட்டதாம். தம்பியால் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து பெரிய வகுப்புப் பையன்கள் அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தினமும் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பெயர். இனி அப்படி நடந்துவிடக் கூடாது என்று அவன் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான்.

"எங்ககிட்ட ஏன்டி சொல்லல?" என்றோம். அவள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அவன்தான் சொன்னானே. மூணு தடவ சொன்னான்."

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே குழம்பிவிட்டது.

இந்த ஆண்டு இதே விழாவுக்கு அன்னா தன் மகன் சாமுவேலை ஆண்டவருக்கு அர்ப்பணிக்கும் வாசகமும் உண்டு. அந்தச் சாமுவேலின் கதையை இரண்டு அதிகாரம் தாண்டி வாசித்துப் பாருங்கள். சீலோவில் குரு ஏலி முதுமையில் கண் மங்கிப் படுத்திருக்கிறார். இரவில் ஆண்டவர் சிறுவனைக் கூப்பிடுகிறார். சிறுவன் ஏலியிடம் ஓடி வருகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் ஏலி. மறுபடியும் வருகிறான். மறுபடியும் போய்ப் படு. மூன்றாம் முறைதான் ஏலிக்கு உறைக்கிறது. எங்கள் "பேசாம சாப்பிடு"வுக்கும் அவருடைய "போய்ப் படு"வுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று தோன்றியது.

ஆனால் அந்தக் கதையின் காலைப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விடிந்ததும் ஏலி சிறுவனை அழைத்து, இரவில் உனக்குச் சொல்லப்பட்டது என்ன, என்னிடம் எதையும் மறைக்காதே என்று கேட்கிறார். சாமுவேலுக்குப் பயம். ஏனென்றால் அவன் கேட்டது ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. தம் மகன்கள் செய்த தவறுகளைத் தெரிந்தும் தடுக்காத தந்தை என்பதுதான் ஏலி மேல் இருந்த குற்றச்சாட்டு. அதை ஒரு சிறுவன் வாயால் கேட்கிறார். கோபப்படவில்லை. "சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்" என்று சொல்லவில்லை. ஆண்டவர் நல்லதெனக் காண்பதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார். சொந்த மகன்கள் விஷயத்தில் தவறிய அந்த மனிதர், இந்த ஒரு காலையில் சரியாக நடந்துகொண்டார்.

பிள்ளை சொல்ல வருவது சில நேரம் நம்மைப் பற்றியதாகவே இருக்கும். எங்கள் மகனும் காய்ச்சல் இறங்கிய பிறகு சொன்னது அதுதான்: "நீங்க கேட்டீங்க, ஆனா கேக்கல." டிபன் பாக்ஸைப் பற்றிக் கேட்டோம், அவன் சொன்னதைக் கேட்கவில்லை. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது எங்களுக்குச் சாதகமாகப் போய்விட்டது போலும்.

வேன் விஷயம் பிறகு எளிதாகவே தீர்ந்தது. வேன் ஓட்டும் அண்ணனிடம் பேசினோம், அவன் உட்காரும் இடத்தை முன்பக்கம் மாற்றிக் கொடுத்தார். கேலி செய்த பையன்களில் இருவர் வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்டார்கள், இன்னொரு வீட்டில் "பசங்க விளையாட்டுக்குச் சொல்றது" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வார வேலை. ஆவணியிலேயே கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதோடு போயிற்று. எல்லா வீட்டிலும் அப்படிப் போவதில்லை. பெரிய காயத்தைச் சுமக்கும் பிள்ளை, முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லித்தான் நம்மைப் பார்க்கும். அதற்கே "ம்" கிடைத்தால், பெரியதைச் சொல்லாது. திருச்சபையும் இதைக் கண்ணீரோடுதான் கற்றது, அதை மறைக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் சிறார்கள் சொன்னதைப் பெரியவர்கள் நம்பாமல் தள்ளியதால் எவ்வளவு கொடுமை தொடர்ந்தது என்பது உலகறிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டத்தில், இப்படி ஒன்று தெரியவந்தால் குருக்களும் துறவியரும் தாமதிக்காமல் அறிவித்தே ஆக வேண்டும் என்றார். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நாலரை மணிக்கு மெஷின் நிற்கும். அரை மணி நேரம். முகூர்த்த மாதத்திலும் நிற்கும். அதனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஜாக்கெட் குறைகிறது, குறையட்டும். "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதை விட்டுவிட்டோம், ஏனென்றால் "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் அதற்குப் பதில் கிடையாது. "இன்னைக்கு யாரு பக்கத்துல உக்காந்த?" என்று கேட்டால் கதை வருகிறது. பூண்டு உரிக்கக் கொடுத்தால் இன்னும் வருகிறது. முகத்துக்கு முகம் உட்கார வைத்து "சொல்லு, என்ன பிரச்சனை?" என்று கேட்டால், காவல் நிலையத்தில் உட்கார்ந்தது போல ஆகிவிடுகிறான். எங்களில் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. அவர் கண்டுபிடித்த வழி ஸ்கூட்டர். பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை முதுகைப் பார்த்துத் தாராளமாகப் பேசும். டவுனுக்குப் பட்டன் வாங்கப் போகும் வழியில் தெரிந்துகொண்ட விஷயங்கள் எத்தனையோ.

சாப்பாட்டு நேரத்தில் போன் அலமாரிக்குள். 2016-இல் வந்த 'அன்பின் மகிழ்வு' ஏட்டிலேயே திருத்தந்தை பிரான்சிஸ், ஆளுக்கொரு போனோடு உணவு மேசையில் இருக்கும் குடும்பங்களைப் பற்றி வருந்தியிருக்கிறார். பிள்ளைகள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதைவிட, உள்ளத்தளவில் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பதே முக்கியம் என்ற பொருளிலும் அதில் எழுதியிருக்கிறார். அன்பிய வகுப்பில் அந்தப் பகுதியை நாங்களே மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறோம், இந்தச் சம்பவத்துக்கு முன்னாலேயே. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகள் விஷயம் வேறு. அதையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இரண்டு ஆண்டுக்கு முன் அவள் தன் தோழி ஒருத்தி பள்ளிக்கு ரகசியமாகப் போன் கொண்டுவருவதைச் சொன்னாள். "இனிமே அவகூடச் சேராதே" என்று உடனே தீர்ப்புச் சொன்னோம். அதோடு தோழிகளைப் பற்றிப் பேசுவதை அவள் நிறுத்திக்கொண்டாள். இப்போதும் எங்களிடம் அளந்துதான் பேசுகிறாள். எருசலேம் கோவிலில் மகன் சொன்ன பதில் பெற்றோருக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மரியா அதற்காகச் சண்டை போடவில்லை, புரியாததையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். நாங்களும் பொறுமையாகக் காத்திருக்கிறோம். சில இரவுகளில் அவள் மெஷின் பக்கத்தில் வந்து வெட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்பதில்லை.

இன்னும் ஒன்று. மகனின் கதையை வானொலியில் சொல்வதற்கு அவனிடம் அனுமதி கேட்டோம். அந்தப் பட்டப்பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டான். எழுதியதை நேற்றிரவு அவனுக்கு வாசித்துக் காட்டினோம். அரையாண்டு விடுமுறை ஆனதால் தூங்காமல் முழுதும் கேட்டான். சைக்கிள் வரும் இடத்தில் சிரித்தான். கடைசியில், "ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க. மூணு தடவ இல்ல, நாலு தடவ சொன்னேன்" என்றான். அக்காவுக்கே அது தெரியாதாம். அது நடந்த அன்று சாயங்காலமே, ஈர டிரவுசரோடு வாசலில் நின்று சொன்னானாம். நாங்கள் இருவரும் அப்போது வீட்டில்தான் இருந்தோமாம். எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறோம், எங்கள் இருவருக்கும் நினைவு வரவில்லை.